ஜோஸ் ஸ்டோனின் ‘தி சோல் செஷன்ஸ்’: பத்துப் பாட்டையும் ஒரிஜினலோடு சேர்த்துக் கேட்க ஒரு முழுமையான வழிகாட்டி

அமெரிக்கக் கறுப்பின மக்களின் சோல் இசையை எங்கிருந்து கேட்கத் தொடங்குவது என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது ‘தி சோல் செஷன்ஸ்’ ஆல்பத்தைத்தான். 2003 செப்டம்பரில் வெளிவந்தது. பாடியவர் ஜோஸ் ஸ்டோன், இங்கிலாந்தின் டெவன் பகுதியில் ஒரு கிராமத்தில் வளர்ந்த பெண். அப்போது அவருக்கு 16 வயது. மொத்தம் பத்துப் பாட்டு, ஏறக்குறைய 42 நிமிடம். ஒன்றுகூட அவர் எழுதியதில்லை, எல்லாமே வேறு யாரோ ஏற்கெனவே பாடியவை.

ஏரீத்தா ஃபிராங்க்ளின், ஓடிஸ் ரெட்டிங் போன்ற மலைகள் இருக்கும்போது ஒரு சிறுமியின் கவர் ஆல்பத்தை ஏன் முதலில் கொடுக்க வேண்டும்? இந்தப் பத்துப் பாட்டும் நம்மைப் பத்து வெவ்வேறு வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்துகின்றன என்பதால்தான். அமெரிக்கத் தென்மாநிலங்களின் நாஷ்வில், மெம்ஃபிஸ், மஸ்ஸல் ஷோல்ஸ், மயாமி என்று ஊர் ஊராகப் போகலாம். ஊருக்கெல்லாம் தெரிந்த ஹிட்களைப் பெரும்பாலும் தவிர்த்து, நல்ல பாட்டாக இருந்தும் பலர் மறந்துபோனவற்றைத் தேடி எடுத்திருக்கிறார்கள். அதைவிட முக்கியமானது, பின்னால் வாசித்தவர்கள். 1970-களில் மயாமியின் சோல் இசையை உருவாக்கிய அதே கைகள் இதில் இருக்கின்றன. இந்த ஆல்பத்தைத் தனியாகக் கேட்டால் ‘நல்ல குரல்’ என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவோம். ஒரிஜினல்களையும், வாசித்தவர்கள் யார் என்பதையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்டால்தான் அதில் என்ன நடந்திருக்கிறது என்று புரியும். அதற்குத்தான் இந்த வழிகாட்டி.

படி 1: முதலில் சும்மா கேளுங்கள்

ஷஃபிள் வேண்டாம். முதல் பாட்டிலிருந்து பத்தாவது வரை, ஆல்பத்தில் இருக்கும் வரிசையிலேயே ஒரு தடவை கேட்டு முடியுங்கள். ஃபோன் ஸ்பீக்கரில் மட்டும் கேட்காதீர்கள். சோல் இசையின் பாதி உயிர் பேஸ் கிட்டாரில் இருக்கிறது, சின்ன ஸ்பீக்கரில் அது காணாமல் போய்விடும். சுமாரான ஹெட்போன் போதும். எந்தப் பாட்டில் தலை தானாக ஆடியது, எதில் கவனம் சிதறியது என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். மேற்கொண்டு தகவல் எதையும் இப்போது தேட வேண்டாம்.

படி 2: பின்னால் நிற்பவர்களைத் தெரிந்துகொள்ளுங்கள்

ஜோஸ் ஸ்டோன் 1987 ஏப்ரலில் டோவர் நகரத்தில் பிறந்தவர். பிபிசியின் ‘ஸ்டார் ஃபார் எ நைட்’ என்ற போட்டி நிகழ்ச்சியில் டோனா சம்மரின் பாட்டு ஒன்றைப் பாடி வென்றார். லண்டன் தயாரிப்பாளர்கள் மூலம் இவரைப் பற்றிய தகவல் நியூயார்க்கில் எஸ்-கர்வ் ரெக்கார்ட்ஸ் நடத்திய ஸ்டீவ் கிரீன்பர்கின் காதுக்குப் போனது. பாப் குழுவான ஹேன்சன் சகோதரர்களை உலகத்துக்குக் காட்டியவர் கிரீன்பர்க். பஹா மென் குழுவின் ‘ஹூ லெட் த டாக்ஸ் அவுட்’ பாட்டுக்குப் பின்னாலும் இவரே இருந்தார். அப்படி ஜனரஞ்சகமான பாப் இசையில் பழகிய ஒருவர் ஜோஸை நியூயார்க்குக்கு வரவழைத்துப் பாட வைத்துக் கேட்டார். வேறொருவராக இருந்தால் உடனே டான்ஸ் பாட்டு எழுதச் சொல்லியிருப்பார். கிரீன்பர்க் பெட்டி ரைட்டைக் கூப்பிட்டார். ஆல்பம் சம்பந்தப்பட்ட எல்லா முடிவுகளிலும் இதுதான் மிகச் சிறந்தது என்பது என் எண்ணம்.

பெட்டி ரைட் 1953-ல் மயாமியில் பிறந்தவர். சின்ன வயதிலேயே குடும்பத்தோடு தேவாலயப் பாட்டுக் குழுவில் பாடினார். முதல் ஆல்பம் 1968-ல் வந்தபோது அவருக்கு 14 வயதுதான். 1971-ல், 17 வயதில் ‘கிளீன் அப் உமன்’ என்ற பாட்டு அவரை அமெரிக்கா முழுக்கக் கொண்டுபோனது. பெரியவர்களின் காதலையும் துரோகத்தையும் பற்றி ஒரு சின்னப் பெண் பாடினால் எது எடுபடும், எது எடுபடாது என்று சொல்லித்தர இவரைவிடத் தகுந்த ஆள் கிடைத்திருக்கமாட்டார். கிரீன்பர்க், மைக்கேல் மஞ்சினி இருவரோடும் சேர்ந்து அவர் இந்த ஆல்பத்தைத் தயாரித்தார், பின்னணியிலும் பாடினார். 2020 மே மாதம் காலமானார்.

பெட்டி ரைட் தன்னோடு பழைய தோழர்களையும் அழைத்து வந்தார். ‘கிளீன் அப் உமன்’ தொடங்கும்போதே கேட்கும் அந்தக் கிட்டாரை வாசித்த வில்லி ஹேல், இசை உலகில் ‘லிட்டில் பீவர்’ என்று பெயர் பெற்றவர். பியானோவில் லாட்டிமோர். 1974-ல் ‘லெட்ஸ் ஸ்ட்ரெய்ட்டன் இட் அவுட்’ பாட்டால் கறுப்பின இசைக்கான ரிதம் அண்ட் ப்ளூஸ் பட்டியலில் முதலிடம் பிடித்தவர். ஆர்கனில் டிம்மி தாமஸ். ஆர்கனும் ஒரு ரிதம் இயந்திரமும் தவிர வேறு எதுவுமே இல்லாமல் 1972-ல் ‘ஒய் கான்ட் வி லிவ் டுகெதர்’ பாடினாரே, அவர்தான். ராப் பாடகர் டிரேக்கின் ‘ஹாட்லைன் ப்ளிங்’ தெரியுமா? 2015-ல் வந்த அந்தப் பாட்டின் அடியில் ஓடுவது இந்தப் பழைய ரெக்கார்டிங்தான்.

இவர்கள் எல்லோரும் ஹென்றி ஸ்டோன் என்பவர் மயாமிக்குப் பக்கத்திலுள்ள ஹயாலியாவில் நடத்திய டிகே ரெக்கார்ட்ஸ் வட்டாரத்தைச் சேர்ந்தவர்கள். கேசி அண்ட் த சன்ஷைன் பேண்ட் குழு வளர்ந்ததும் அங்கேதான். டிஸ்கோ அலை ஓய்ந்ததும் 1980-களின் தொடக்கத்தில் கம்பெனி மூழ்கியது. இந்தக் கலைஞர்கள் வாசிப்பதை நிறுத்தவில்லை, உலகம்தான் இவர்களைக் கேட்பதை நிறுத்தியிருந்தது. ஏறக்குறைய இருபது வருடம் கழித்து மயாமி ஸ்டூடியோவில் ஒரு 16 வயதுப் பெண்ணுக்காக எல்லோரும் ஒன்றுகூடினார்கள். டிரம்ஸுக்கு சிண்டி பிளாக்மன், பேஸுக்கு ஜாக் டேலி என்று அடுத்த தலைமுறையில் இருவர் சேர்ந்துகொண்டார்கள். மயாமி ரெக்கார்டிங் சில நாள்களிலேயே முடிந்துவிட்டது.

ஜோஸின் சொந்தப் பாட்டுகளோடு ஒரு ஆல்பம் தயாராகிக்கொண்டிருந்தது. இந்த கவர் ஆல்பம் இடையில் கிளம்பிய பக்க வேலைதான். அதுவே அறிமுக ஆல்பமாகிப் போனது. பிரிட்டிஷ் ஆல்பம் பட்டியலில் 4-ஆம் இடம், 2004-ல் சிறந்த ஆல்பத்துக்கான மெர்க்குரி பரிசின் இறுதிப் பட்டியல் என்று அது போன தூரம் யாரும் கணக்குப் போடாதது.

படி 3: காதைப் பழக்குங்கள்

இப்போது முதல் பாட்டான ‘த சோக்கின் கைண்ட்’ ஒன்றை மட்டும் எடுத்து, ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் பின்தொடர்ந்து கேளுங்கள்.

முதலில் தாளம். ‘ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு’ என்று எண்ணிக்கொண்டே போனால் இரண்டிலும் நான்கிலும் ஸ்நேர் டிரம் விழும். கைதட்டுவதும் அங்கேதான். ஒன்றில் தட்டிப் பழகிய கைக்கு முதலில் கொஞ்சம் தடுமாறும். பழகிக்கொள்ளுங்கள், சோல், தாளத்தை முன்னிறுத்தும் ஃபங்க், தேவாலய இசையான காஸ்பெல் எல்லாவற்றுக்கும் திறவுகோல் இது.

இரண்டாவது, பேஸும் கிட்டாரும் எங்கே வாசிக்காமல் விடுகிறார்கள் என்று கவனியுங்கள். லிட்டில் பீவரின் கிட்டார் பாட்டு முழுக்க நிரம்பி வழியாது. பாடகி மூச்சு விடும் இடத்தில் இரண்டு மூன்று சுரம் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். நல்ல சோல் கலைஞர்கள் எல்லோருக்கும் இந்த அடக்கம் உண்டு.

மூன்றாவது, கேள்வியும் பதிலும். முன்னால் பாடுபவர் ஒரு வரி சொல்ல, பின்னணிக் குரல்கள் அதற்குப் பதில் சொல்லும். கறுப்பின மக்களின் தேவாலயங்களில் போதகரும் சபையும் பேசிக்கொள்ளும் முறையிலிருந்து இது நேராக வருகிறது. பின்னணியில் பெட்டி ரைட்டின் குரல் இருக்கும் இடங்களில் அந்தப் பதில் ஒரு தாயின் குரலாகவே எனக்குக் கேட்கும்.

கடைசியாக ஜோஸின் குரல். ஒரே அசையை இழுத்து, அதற்குள் பல சுரங்களைச் சுற்றிப் போவதை நம்மவர்கள் பிருகா என்று உடனே அடையாளம் காண்பார்கள். ஆனால் இங்கே அதன் இலக்கணம் வேறு. ராகத்தின் கட்டுக்குள் நடப்பதில்லை, ப்ளூஸ் சுரங்களின் கலங்கலான இடைவெளிகளில் வழுக்கிப் போகும். குரல் உடைகிற, கரகரக்கிற இடங்களைக் குறை என்று நினைத்துவிடாதீர்கள். தெரிந்தே வைக்கும் அழுத்தங்கள் அவை. சொல்லைத் தாளத்துக்கு இம்மியளவு பின்னால் போடுவதையும் கவனியுங்கள். அவசரப்படாத அந்தப் பின்தங்கல்தான் 16 வயதுக் குரலை வயது கூடியதாகக் காட்டுகிறது.

படி 4: ஜோடி ஜோடியாகக் கேளுங்கள்

இந்த வழிகாட்டியின் மையமே இந்தப் படிதான். நேரமெடுத்துச் செய்யுங்கள்.

முறை எளிது. முதலில் ஜோஸின் பாட்டு, அடுத்து ஒரிஜினல், பிறகு மறுபடியும் ஜோஸின் பாட்டு. மூன்றாவது கேட்பில்தான் விஷயம் இருக்கிறது. ‘யார் நன்றாகப் பாடினார்’ என்று பட்டிமன்றம் நடத்தினால் ஒன்றும் கிடைக்காது. என்ன மாறியிருக்கிறது, ஏன் மாற்றினார்கள் என்று கேளுங்கள். ஒரு நாளைக்கு ஒரு ஜோடி போதும்.

ஒரிஜினலைத் தேடும்போது ஒரு எச்சரிக்கை. பழைய பாடகர்கள் பலர் தங்கள் ஹிட் பாட்டுகளைப் பிற்காலத்தில் வேறு கம்பெனிகளுக்காக மறுபடியும் பாடிக் கொடுத்திருக்கிறார்கள். ஸ்ட்ரீமிங்கில் இரண்டும் ஒரே பெயரில் கலந்து கிடக்கும். வருடத்தையும் கம்பெனிப் பெயரையும் பாருங்கள். ‘கிரேட்டஸ்ட் ஹிட்ஸ்’ என்று மட்டும் போட்டு, வருடம் சமீபத்தியதாக இருந்தால் சந்தேகப்படுங்கள். டிரம்ஸ் சத்தம் பளபளவென்று, கீபோர்டு பிளாஸ்டிக் மாதிரி இருந்தால் பெரும்பாலும் அது பிற்காலப் பதிவுதான்.

ஆல்பத்தின் வரிசையில் போகாமல் நான் சொல்லும் வரிசையில் போங்கள்.

‘டர்ட்டி மேன்’ முதலில். சிகாகோவின் செஸ் கம்பெனிக்காக 1967-ல் லாரா லீ பாடியது. ரெக்கார்டிங் நடந்தது அலபாமாவின் மஸ்ஸல் ஷோல்ஸில். துரோகம் செய்த கணவனைத் திட்டும் பாட்டு. தான் வீட்டைச் சுத்தமாக வைத்திருப்பவள், துடைப்பத்தை எடுத்து அழுக்கைத் தெருவுக்குத் தள்ளிவிடுவேன் என்று அந்தப் பெண் சொல்கிறாள். லாரா லீ டெட்ராய்ட்டில் காஸ்பெல் பாடி வளர்ந்தவர். ஒவ்வொரு சொல்லையும் பல்லைக் கடித்துக்கொண்டு சொல்வதுபோல் இருக்கும். ஜோஸ் பாடும்போது கோபத்தைவிடக் காயம் தூக்கலாகத் தெரிகிறது. இதில் நான் லாரா லீ பக்கம். அந்தப் பாட்டுக்குத் தேவையான சலிப்பு வாழ்ந்து வருவது, கற்றுக்கொண்டு வராது. ஆனால் ஜோஸ் அந்தச் சலிப்பை நடிக்க முயலவில்லை என்பதைப் பாராட்ட வேண்டும்.

அடுத்து, திரும்பவும் ‘த சோக்கின் கைண்ட்’. இதை எழுதிய ஹார்லன் ஹோவர்ட் நாஷ்வில்லின் கன்ட்ரி இசைப் பாடலாசிரியர். 1967-ல் வெய்லன் ஜென்னிங்ஸ் கன்ட்ரி பாட்டாகவே பாடினார். 1969-ல் ஜோ சைமன் அதை சோல் ஆக்கினார். ரிதம் அண்ட் ப்ளூஸ் பட்டியலில் முதலிடம், பிறகு கிராமி. ஆக இங்கே ஜோடி போதாது, மூன்றையும் கேளுங்கள். மூச்சு முட்டும்படி பிடித்துவைக்கும் அன்பு எதற்கு என்று கேட்கும் ஒரே பாட்டு, கன்ட்ரியில் ஒரு மனிதன் தோளைக் குலுக்கிவிட்டுப் போவதுபோலவும், ஜோ சைமனிடம் கெஞ்சலாகவும், ஜோஸிடம் நிதானமான ஃபங்க் நடையாகவும் மாறுகிறது. வெள்ளையர் இசை, கறுப்பர் இசை என்று கடைக்காரர்கள் போட்ட தடுப்புகள் அமெரிக்கத் தென்மாநிலங்களில் பாட்டுக்குள் எவ்வளவு மெல்லியவை என்று இந்த ஒரு பாட்டிலேயே தெரிந்துவிடும்.

மூன்றாவது ‘விக்டிம் ஆஃப் எ ஃபூலிஷ் ஹார்ட்’. பெட்டி ஸ்வான் 1972-ல் பாடியது, இதுவும் மஸ்ஸல் ஷோல்ஸ் வார்ப்பு. எழுதியவர்களில் ஒருவரான ஜார்ஜ் ஜாக்சன்தான் ஆஸ்மண்ட்ஸ் குழுவுக்கு ‘ஒன் பேட் ஆப்பிள்’ கொடுத்தவர். பெட்டி ஸ்வானின் குரல் மிருதுவானது, வலியை அளந்து சொல்வது. தனிப்பாட்டாக வெளிவந்த அந்தக் காலத்து சிங்கிள் என்பதால் பாட்டு சுருக்கமாக முடிந்துவிடும். ஜோஸின் வடிவம் ஐந்தரை நிமிடம் போகிறது. அந்தக் கூடுதல் நேரத்தில் என்ன செய்கிறார் என்பதைக் கேளுங்கள். எழுதிய வரிகள் தீர்ந்த பிறகு அங்கேயே உதிக்கும் சொற்களை வைத்துப் பாடிக்கொண்டே போவதும், குழு அவரை விடாமல் தாங்குவதும் தேவாலயத்திலிருந்து வந்த பழக்கம். ஆல்பத்தில் எனக்கு மிகப் பிடித்த பாட்டு இது. ஒரிஜினலைச் சிறுமைப்படுத்தாமல் அதிலிருந்து விலகி நிற்கிறது.

‘ஆல் த கிங்ஸ் ஹார்ஸஸ்’ ஏரீத்தா ஃபிராங்க்ளின் தானே எழுதி, 1972-ல் ‘யங், கிஃப்டட் அண்ட் பிளாக்’ ஆல்பத்தில் பாடியது. ஹம்ப்டி டம்ப்டி குழந்தைப் பாட்டின் வரியை எடுத்து, உடைந்த இரண்டு இதயங்களை ராஜாவின் குதிரைகளும் வீரர்களும் சேர்ந்தும் ஒட்டவைக்க முடியவில்லை என்று எழுதியிருக்கிறார். அதைப் பாடியபோது அவருக்கு முப்பது வயது நெருங்கிக்கொண்டிருந்தது, ஒரு திருமணம் முறிந்திருந்தது. ஜோஸ் முதன்முதலில் ஏரீத்தாவின் தொகுப்பைக் கேட்டுத்தான் இந்த இசைக்குள் வந்தார். அவருக்கு இது குருவின் முன்னால் பாடும் பரீட்சை. ஏரீத்தாவைத் தாண்ட முயலாமல் அடங்கியே பாடியிருக்கிறார். நல்ல முடிவு.

‘ஐவ் ஃபாலன் இன் லவ் வித் யூ’ மெம்ஃபிஸின் ஸ்டாக்ஸ் கம்பெனியில் கார்லா தாமஸ் தானே எழுதிப் பாடியது. பதின்வயதில் தானே எழுதிய ‘ஜீ விஸ்’ பாட்டால் பெயர் வாங்கியவர் இவர். இளம் பெண் குரலில் காதல் எப்படி ஒலிக்கும் என்று 1960-களிலேயே காட்டிவிட்டார். ஜோஸுக்கு வயதளவில் இயல்பாகப் பொருந்துகிற பாட்டும் இதுதான்.

‘சூப்பர் டூப்பர் லவ்’ ஷுகர் பில்லி என்ற பெயரில் பாடிய வில்லி கார்னருடையது, 1970-களின் நடுவில் வந்தது. ரெக்கார்டு சேர்ப்பவர்களைத் தவிரப் பலருக்கும் தெரியாமல் கிடந்ததைத் தூசு தட்டி எடுத்திருக்கிறார்கள். கேளுங்கள், ஆடுங்கள், அவ்வளவுதான். ‘சம் கைண்ட் ஆஃப் வொண்டர்ஃபுல்’ சோல் பிரதர்ஸ் சிக்ஸ் குழுவுக்காக ஜான் எலிசன் எழுதி 1967-ல் வந்தது. 1974-ல் கிராண்ட் ஃபங்க் குழு அதை ராக் ரசிகர்களிடம் கொண்டுபோனது. ஏற்கெனவே பலர் பாடித் தேய்ந்த பாட்டு என்பதால் ஆல்பத்தில் இதுதான் எனக்குக் கொஞ்சம் வலுவிழந்து தெரிகிறது. ‘ஐ ஹேட் எ ட்ரீம்’ ஜான் செபாஸ்டியனுடையது. 1969-ல் ஊட்ஸ்டாக் இசைவிழா மேடையில் கிட்டாரோடு தனியாக நின்று பாடிய ஹிப்பிக் காலத்துக் கனவு. அதை அப்படியே தேவாலயத்துக்குள் கொண்டுபோய்விட்டார்கள்.

‘ஃபார் த லவ் ஆஃப் யூ’வைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஐஸ்லி பிரதர்ஸ் 1975-ல் ‘த ஹீட் இஸ் ஆன்’ ஆல்பத்தில் பாடியது. ரொனால்ட் ஐஸ்லியின் பட்டுப்போன்ற குரலும் கிறிஸ் ஜாஸ்பரின் சின்தசைசரும் அந்தப் பாட்டை மிதக்க வைக்கும். ஜோஸின் வடிவத்தில் வாத்தியங்கள் மிகக் குறைவு, நடையும் மெதுவு. ஏழு நிமிடத்துக்கும் மேல் ஒரு குரல் கிட்டத்தட்ட வெறும் வெளியில் நின்று தாக்குப்பிடிக்க வேண்டும். குரலில் சரக்கு இல்லையென்றால் மூன்றாவது நிமிடத்திலேயே வெளுத்துப்போகும். இந்த ஆல்பம் விளம்பரத்தால் ஜெயித்தது என்று சொல்பவர்களிடம் இந்தப் பாட்டைப் போட்டுக் காட்டுங்கள்.

படி 5: இடம் மாறி நிற்கும் ஒரு பாட்டு

ஒன்பது ஜோடி ஆகிவிட்டது. பத்தாவது, ‘ஃபெல் இன் லவ் வித் எ பாய்’, தனியாகக் கேட்க வேண்டியது. இதன் ஒரிஜினல் பழைய சோல் பாட்டே இல்லை. ஒயிட் ஸ்ட்ரைப்ஸ் என்ற ராக் இரட்டையர் குழுவுக்காக ஜாக் ஒயிட் எழுதி 2001-ல் வந்தது, அதாவது ஜோஸ் பாடும்போது பாட்டுக்கு இரண்டே வயது. ஒரிஜினலில் ‘கேர்ள்’ என்று இருந்ததை ‘பாய்’ என்று மாற்றிக்கொண்டார்கள்.

இதைத் தயாரித்தவர்களில் ஒருவர் தி ரூட்ஸ் என்ற ஹிப்-ஹாப் குழுவின் டிரம்மர் குவெஸ்ட்லவ். அந்தக் குழுவின் ஊரான ஃபிலடெல்ஃபியா ஸ்டூடியோ ஒன்றும் ஆல்பத்தின் ரெக்கார்டிங் இடங்களில் சேர்ந்தது. இரண்டு நிமிடம்கூட ஓடாத, தலைதெறிக்க ஓடும் பாட்டைப் பிடித்து வேகத்தைக் குறைத்து, மூன்றரை நிமிடத்துக்கும் மேல் நீளும் சோம்பலான ஃபங்க் ஆக்கிவிட்டார்கள்.

பயிற்சி இது: ஒயிட் ஸ்ட்ரைப்ஸ் பாட்டைக் கேட்டுக்கொண்டே மெட்டை மட்டும் வாய்க்குள் முனகுங்கள். அதே மெட்டைப் பாதி வேகத்தில் முனகுங்கள். ஓடும்போது கண்ணில் படாத வளைவுகள் மெட்டில் தெரியத் தொடங்கும். சோல் என்பது பழைய பாட்டுகளின் பட்டியல் இல்லை, எந்தப் பாட்டையும் அணுகும் ஒரு விதம் என்பதைப் பத்து பக்கக் கட்டுரையைவிட இந்த ஒரு ரெக்கார்டிங் தெளிவாகச் சொல்கிறது.

படி 6: நிறத்தைப் பற்றிய கேள்வியை ஒதுக்காதீர்கள்

கறுப்பினக் கலைஞர்களின் இசையை ஒரு வெள்ளைக்காரப் பெண் பாடிப் புகழ் அடைகிறார். அமெரிக்க இசை வரலாற்றில் இது பலமுறை நடந்திருக்கிறது, பலமுறை அநியாயமாகவும் நடந்திருக்கிறது. 1950-களில் கறுப்பினக் கலைஞர்களின் ஹிட்களை வெள்ளையர்கள் உடனுக்குடன் மறுபடி பாடி, ரேடியோவில் அவர்களின் இடத்தைப் பிடித்துக்கொண்டார்கள். அதனால் இந்த ஆல்பத்தைக் கேட்கும்போது சங்கடம் வந்தால் அது நியாயமான சங்கடம்தான்.

என் பார்வையில் இரண்டு விஷயங்கள் இந்த ஆல்பத்தை வேறுபடுத்துகின்றன. முதலாவது, இசையின் கடிவாளம் பெரிய அளவில் பெட்டி ரைட் கையில் இருந்தது. எந்த மரபிலிருந்து எடுத்தார்களோ அந்த மரபின் ஆட்களே அறையில் உட்கார்ந்து, சம்பளத்தோடும் பெயரோடும் வாசித்தார்கள். இரண்டாவது, இது யாருடைய இடத்தையும் பறித்த ஆல்பம் இல்லை, அந்தப் பாட்டுகளில் பல ஏற்கெனவே மறக்கப்பட்டுக்கொண்டிருந்தன. இவ்வளவும் சொன்ன பிறகும் ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. அதே மயாமியில், அதே திறமையோடு இருந்த ஒரு கறுப்பினப் பெண்ணுக்கு 2003-ல் இதே கதவு இவ்வளவு அகலமாகத் திறந்திருக்குமா? திறந்திருக்காது என்றே நினைக்கிறேன். ஆல்பத்தை நேசித்துக்கொண்டே இந்தக் கேள்வியையும் கையில் வைத்திருக்கலாம்.

படி 7: காசு யாருக்குப் போகிறது என்று பாருங்கள்

கவர் ஆல்பம் கேட்பவர்கள் பெரும்பாலும் கவனிக்காத பகுதி இது. ஆல்பத்தில் பாடலாசிரியர் பெயர் சிறிய எழுத்தில் இருக்கும், அதைப் படியுங்கள்.

அமெரிக்கச் சட்டப்படி ஒரு பாட்டு ஒருமுறை முறையாக வெளிவந்துவிட்டால், நிர்ணயித்த கட்டணத்தைக் கட்டி வேறு யாரும் அதைப் பாடி வெளியிடலாம். பாட்டின் அடிப்படையான மெட்டையும் தன்மையையும் மாற்றக் கூடாது, தங்கள் பாணிக்கு ஏற்ப இசையமைத்துக்கொள்ளலாம். 2003-ல் அந்தக் கட்டணம் ஒரு பிரதியில் ஒரு பாட்டுக்கு 8 சென்ட், ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் நிமிடக் கணக்கில் கூடும். ஐந்து லட்சம் பிரதி விற்றால் ஒரு பாட்டுக்கு 40,000 டாலர். இது பாட்டை எழுதியவருக்கும் அதன் உரிமையை வைத்திருக்கும் பதிப்பு நிறுவனத்துக்கும் போகும்.

பாடியவருக்கு? ஒன்றும் இல்லை. கார்லா தாமஸும் ஏரீத்தாவும் தங்கள் பாட்டைத் தாங்களே எழுதியவர்கள், அதனால் எழுதியவருக்குச் சேர வேண்டிய பங்கு அவர்களுக்கு உண்டு. ‘டர்ட்டி மேன்’ பாட்டுக்கு உயிர் கொடுத்த லாரா லீக்கு கவர் விற்பனையில் பங்கு கிடையாது, அதை எழுதியவர் பாபி மில்லர். பெட்டி ஸ்வானுக்கும், ஜோ சைமனுக்கும் அதே கதைதான். ஒரு கவர் அவர்களுக்குச் செய்யக்கூடிய ஒரே உதவி, கேட்பவரை அவர்களுடைய ரெக்கார்டிங்குக்கு அனுப்பிவைப்பது. நான்காம் படியில் ஒரிஜினலைத் தேடிப் போகச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். முடிந்தால் அவர்களின் ஆல்பத்தைக் காசு கொடுத்து வாங்குங்கள்.

படி 8: இங்கிருந்து மூன்று பாதைகள்

முதல் பாதை பின்னோக்கி. பெட்டி ரைட்டின் 1970-களின் ஆல்பங்கள், லாட்டிமோரின் ‘லெட்ஸ் ஸ்ட்ரெய்ட்டன் இட் அவுட்’, லிட்டில் பீவரின் ‘பார்ட்டி டவுன்’. மூன்றையும் கேட்டுவிட்டு ‘தி சோல் செஷன்ஸ்’ பக்கம் திரும்பினால், பின்னால் வாசிப்பவர்களைத் தெரிந்தவர்கள் மாதிரி அடையாளம் காண்பீர்கள். மஸ்ஸல் ஷோல்ஸ் ஒலி பிடித்துப்போனால் பெட்டி ஸ்வானின் மற்றப் பாட்டுகளையும் எட்டா ஜேம்ஸ் அங்கே பாடிய ‘டெல் மாமா’வையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது பாதை பக்கவாட்டில். இங்கிலாந்துப் பாடகி அமெரிக்கத் தென்மாநிலக் கலைஞர்களோடு சேர்ந்து ஆல்பம் செய்வது புதிதில்லை. டஸ்டி ஸ்பிரிங்ஃபீல்டின் ‘டஸ்டி இன் மெம்ஃபிஸ்’ 1969-லேயே வந்துவிட்டது. ஜோஸைக் கேட்டவர்கள் கட்டாயம் கேட்க வேண்டிய முன்னோடி.

மூன்றாவது பாதை முன்னோக்கி. ஏமி வைன்ஹவுஸின் முதல் ஆல்பமான ‘ஃபிராங்க்’ இதே 2003-ன் அக்டோபரில் வந்தது. 2006-ல் அவருடைய ‘பேக் டு பிளாக்’, 2008-ல் அடேலும் டஃபியும் என்று அந்தப் பத்தாண்டு பிரிட்டிஷ் பெண் குரல்களால் நிறைந்தது. ஜோஸ் 2004-லேயே ‘மைண்ட் பாடி அண்ட் சோல்’ என்ற சொந்தப் பாட்டுகளின் ஆல்பத்தோடு திரும்பி வந்தார். பிரிட்டனில் அது முதலிடம் பிடித்தபோது அவருக்கு 17 வயது. அதன் பாட்டு எழுத்திலும் தயாரிப்பிலும் பெட்டி ரைட்டின் கை உண்டு. 2012-ல் ‘சோல் செஷன்ஸ்’ இரண்டாம் பாகமும் வந்தது. முதல் பாகத்தின் ஜோடிகளை முடித்தவர்கள் அதையும் இதே முறையில் பிரித்துக் கேட்கலாம். இந்த முறை ஒரிஜினல்களின் பட்டியலை நீங்களே தயாரித்துக்கொள்ளுங்கள்.